ஒன்பதாவது கேள்வியைத் திருத்திப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழின் நடுப்பக்கத்தில் ‘உங்களுக்கு நோய் பயம் இருக்கிறதா?’ என்ற தலைப்பில் 14 கேள்விகள் வந்திருந்தன. ஒவ்வொரு ‘ஆம்’ பதிலுக்கும் ஒரு மதிப்பெண். மொத்தம் எட்டுக்கு மேல் போனால் ‘உங்களுக்கு நோய் பயக் கோளாறு உள்ளது’ என்று கீழே மஞ்சள் கட்டத்தில் போட்டிருந்தீர்கள். நோய் பயம் என்று ஒன்று உண்டு, அதற்கு வைத்தியமும் உண்டு என்று ஒரு தமிழ் நாளிதழ் எழுதியது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நானே அந்தப் பயத்தில் ஓராண்டு கிடந்தவள். ஆனால் அந்தப் பக்கத்தால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக 31 ஆண்டு வேலை பார்த்து 2022இல் ஓய்வு பெற்றேன். வேலையை விட்டாலும் ஊர் விடவில்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் இன்னும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள்.

எதிர் வீட்டு அக்காவுக்கு 54 வயது. நடவு, களையெடுப்பு, இல்லாத நாளில் நூறு நாள் வேலை. இரண்டு மாதமாக மூச்சு வாங்குகிறது, கிறுகிறுக்கிறது, வரப்பில் நாலு எட்டு வைத்தால் உட்காரத் தோன்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிறு மத்தியானம் மருமகள் உங்கள் கேள்விகளை வாசிக்க, அக்கா படுத்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறார். ஒன்பது வந்திருக்கிறது. மகன் அந்த மஞ்சள் கட்டத்தைக் காட்டி, “அம்மா, உனக்கு ஒடம்புல ஒண்ணும் இல்ல. எல்லாம் மனசுலதான். பேப்பர்லயே போட்டிருக்கான் பாரு” என்றான். திங்கள்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போவதாக இருந்ததை அத்தோடு விட்டுவிட்டான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிறான், ஒரு நாள் வண்டி நின்றால் தவணை கட்ட முடியாது. அச்சில் வந்ததை நம்பினான், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது அக்கா தூணில் சாய்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். “இங்க பாருங்க அக்கா” என்று கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெந்த கிழங்கு மாதிரி வெளுத்துக் கிடந்தது. நாக்கும் அப்படியே. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தோம். ஹீமோகுளோபின் 6.8. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே சோகை, எட்டுக்குக் கீழே போனால் கடும் சோகை. தனியாக உட்காரவைத்து மெதுவாகக் கேட்டபோதுதான் சொன்னார், மூல வியாதியில் ஒரு வருஷமாக ரத்தம் போகிறதாம். வெட்கப்பட்டுக்கொண்டு மருமகளிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றி, மூலத்துக்கும் வைத்தியம் நடக்கிறது.

அப்புறம் உங்கள் பக்கத்தை எடுத்து, கேள்வி கேள்வியாக அக்காவிடம் மறுபடி கேட்டேன்.

அந்த 14 கேள்விகளும் எனக்குத் தெரிந்தவை. இஸ்ஸி பிலோவ்ஸ்கி என்ற மனநல மருத்துவர் 1967இல் வெளியிட்ட வைட்லி அட்டவணை அது. அரை நூற்றாண்டு தாண்டியும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள் என்றால் கருவி நல்ல கருவிதான். உடம்பையே கவனித்துக்கொண்டிருப்பது, நோய் வந்துவிடுமோ என்ற பயம், டாக்டர் இல்லை என்று சொன்னாலும் அசையாமல் நோய் வந்தேவிட்டது என்று நம்புவது, இந்த மூன்றையும் அது தனித்தனியாகப் பிடிக்கப் பார்க்கிறது. ஆனால் அதில் ஒன்பதாவது கேள்வி தலைகீழ்க் கேள்வி. ‘உங்களை மறந்து வேறு பல விஷயங்களை எளிதாக யோசிக்க முடிகிறதா?’ என்பது. முடிகிறது என்றால் பயம் குறைவு என்று அர்த்தம். அதற்கு ‘இல்லை’ என்று சொன்னால்தான் ஒரு மதிப்பெண். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆம், ஆம் என்று சொல்லிப் போகிறவர்களையும் அது காட்டிக்கொடுக்கும். நீங்கள் அதற்கும் ‘ஆம்’ என்றால் ஒன்று என்று போட்டுவிட்டீர்கள். அக்கா அந்தக் கேள்விக்கு, “நாத்தங்கால்ல எறங்கிட்டா என்னையப் பத்தி எங்க நெனப்பு வருது? நடவுப் பாட்டுதான் ஓடும்” என்று ஆம் சொல்லியிருக்கிறார். நல்ல மனசுக்கு அடையாளமான அந்தப் பதில் அவர் கணக்கில் ஒரு குற்றமாக ஏறியது. அதை எடுத்துவிட்டால் எட்டு. உங்கள் கணக்குப்படியே ‘எட்டுக்கு மேல்’ இல்லை.

மிச்ச எட்டையும் பாருங்கள். உடம்பில் பல இடத்தில் வலி இருக்கிறதா என்று ஒரு கேள்வி. முப்பது வருஷமாகக் குனிந்து நாற்று நடுகிறவர் இடுப்பு வலி இல்லை என்று சொன்னால்தான் நான் சந்தேகப்படுவேன். பலவிதத் தொந்தரவுகள் இருக்கிறதா என்று இன்னொன்று. ரத்தம் பாதியாக வற்றியவருக்கு மூச்சு வாங்கும், நெஞ்சு அடிக்கும், காது இரையும், எல்லாம்தான் இருக்கும். ‘உங்கள் நோயை மற்றவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று தோன்றுகிறதா?’ என்று ஒன்று. அக்காவுக்குத் தோன்றியது என்ன, உண்மையே அதுதான்.

‘உடம்பு சரியில்லாதபோது யாராவது நீங்கள் தேறிவிட்டதாகச் சொன்னால் எரிச்சல் வருகிறதா?’ என்பதற்கும் ஆம் சொல்லியிருந்தார். ஏன் அக்கா என்று கேட்டேன். “நல்லாத் தேறிட்டியே, முகம் தெளிஞ்சிடுச்சேன்னு ஒருத்தி சொல்லிட்டுப் போன அன்னிக்கு ராத்திரிதான் ரெண்டு தடவ மயக்கம் வந்துச்சு” என்றார். அன்றைக்கு உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டிருக்கிறார்கள். அவர் பயந்தது கண் திருஷ்டிக்கு. கேள்வியை எழுதிய டாக்டருக்கு இது எப்படித் தெரியும்? ஒரு சொல்லைத் தமிழாக்கினால் போதாது, இந்த ஊரில் அந்தக் கேள்வி காதில் எப்படி விழும் என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சொல்லிலும் ஒரு பிழை இருக்கிறது. மூன்றாவது கேள்வியில் ‘உங்கள் உடல் உணர்ச்சிகளை அடிக்கடி கவனிக்கிறீர்களா?’ என்று போட்டிருந்தீர்கள். நெஞ்சுத் துடிப்பு, வயிறு இரைவது, தசை துடிப்பது போல உடம்புக்குள் நடப்பதைக் கேட்கிற கேள்வி அது. உடல் உணர்ச்சி என்றால் நம் ஊரில் எதைச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? அந்த மருமகள் மாமியாரிடம் அதை எப்படி வாசிப்பாள்? “அத விடுங்கத்தே” என்று தாண்டிப் போய்விட்டாள். இப்படி ஒரு தாளைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது, தமிழில் எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லி மூலத்தோடு ஒப்பிடுவது வழக்கம். பிறகு சாதாரண ஜனங்கள் பத்துப் பேரிடம் வாசித்து என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். பத்துப் பேர் வேண்டாம், எங்கள் திண்ணையில் ஒரே ஒரு நாள் வாசித்திருந்தால் இந்தச் சொல் மாட்டியிருக்கும்.

என் கதையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கேள்வித்தாள்களே வேண்டாம் என்று நான் சொல்வதாக ஆகிவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல். எங்கள் கொல்லையில் நாற்பது தென்னையும் சாய்ந்தன. அடுத்த மாதம் ஒரு விடியற்காலை, விழுந்த மரங்களை அறுக்க ஆள் வந்திருந்தபோது, என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மரத்து மேலேயே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நான் செவிலியர், பக்கத்திலேயே இருந்தேன்.

சித்திரையில் எனக்குப் படபடப்பு ஆரம்பித்தது. நாலு மாதத்தில் ஐந்து ஈசிஜி, இரண்டு எக்கோ, ஒரு ட்ரெட்மில். எல்லாம் நார்மல். கர்ப்பிணிக்கு பிரஷர் பார்க்கிற நேரம் போக, என் வலது கை எப்போதும் என் இடது மணிக்கட்டில்தான் இருக்கும். கைப்பையில் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் ஒரு பிரஷர் மிஷின். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நாடியை எண்ணுவேன், எண்ண எண்ண அது கூடும், கூடக் கூட இன்னும் எண்ணுவேன். கடைசியில் இதய டாக்டர் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். எனக்குப் பைத்தியம் என்கிறாரா என்று வாசலில் நின்று அழுதேன்.

உள்ளே ஒரு சின்னப் பெண், மனநல ஆலோசகர். என் மகனை முதலில் வெளியே உட்காரச் சொன்னாள். அப்புறம்தான் தாளை எடுத்தாள். அது வேறு தாள். சால்கோவ்ஸ்கிஸ் என்பவரும் அவர் குழுவினரும் 2002இல் இங்கிலாந்தில் வெளியிட்டது. சுருக்க வடிவத்தில் 18 கேள்விகள். ஆம், இல்லை கிடையாது. ஒவ்வொன்றிலும் நாலு வாக்கியம் இருக்கும், நமக்குப் பொருந்துகிறதைத் தொட வேண்டும், பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். நேற்று, இன்று எப்படி இருக்கிறது என்று கேட்காது, கடந்த ஆறு மாதத்தைக் கேட்கும். நான் போனது ஆடி மாதம். “ஆறு மாசம்னா போன பொங்கல்லேர்ந்து இன்னிக்கி வரைக்கும்னு நெனச்சுக்குங்கம்மா” என்றாள். உங்கள் பக்கத்தில் காலமே இல்லை. பக்கத்து வீட்டில் சாவு விழுந்த வாரத்தில் அந்தக் கேள்விகளை நிரப்பினால் யாருக்குத்தான் எட்டு வராது?

டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னால் நிம்மதி வருகிறதா என்று ஒரு கேள்வி அதில் உண்டு. அப்போதைக்கு வரும், ஆனால் பயம் எப்போதும் திரும்பிவிடும் என்கிற வாக்கியத்தைத் தொட்டேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், “எவ்வளவு நேரம் நிக்கும்மா அந்த நிம்மதி?” யோசித்துப் பார்த்துச் சொன்னேன், “பஸ் ஸ்டாண்டு வரைக்கும்.” அதைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு நடந்த வைத்தியம் முழுவதும் அந்த ஓரக் குறிப்பைச் சுற்றித்தான் நடந்தது. நிம்மதி தேடித் தேடிப் போவதே பயத்துக்குத் தீனி போடுகிறது என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

முதல் 14 கேள்விகளுக்கு மொத்தம் 42. நான் எடுத்தது 29. எனக்கு என்ன வியாதி என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இது தீர்ப்பு இல்லம்மா. நீங்க மாசா மாசம் கொழந்தைக்கு எடை போட்டு அட்டையில புள்ளி வெப்பீங்கள்ல, அது மாதிரி மொதப் புள்ளி. ஒரு புள்ளிய வெச்சு கொழந்தை வளருதா இல்லையான்னு சொல்லுவீங்களா?” ஆயிரக்கணக்கான அட்டையில் புள்ளி வைத்தவளுக்கு அது சட்டென்று உறைத்தது. ஒன்பது தடவை போனேன். ஒரு நோட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நாடியைத் தொடுகிறேன் என்று கோடு போடச் சொன்னாள். முதல் நாள் 43 கோடு. கேள்வித்தாளில் 29, அப்புறம் 24, நடுவில் வீட்டுக்காரர் திதி வந்த மாதம் 25 என்று ஏறியது, பிறகு 17, கடைசியில் 12. நோட்டில் கடைசி வாரம் நாளைக்கு இரண்டு கோடு. அந்த எண்கள் இறங்குவதைப் பார்த்ததில் எனக்கு வந்த தைரியம் ஐந்து ஈசிஜியில் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கேள்வித்தாள் மேல் எனக்கு மரியாதை உண்டு. உட்கார்ந்து கேட்க ஓர் ஆள், திரும்பக் கேட்க ஒரு நாள், இரண்டும் இருந்தால் அது நன்றாக வேலை செய்யும்.

இங்கிலாந்தில் இதே 2002 தாளை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி செய்தார்கள். இதயம், நுரையீரல், வயிறு, நரம்பு, சுரப்பிகள் என்று சாதாரணப் பிரிவுகளுக்கு வந்த 28,991 பேரிடம் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு 20 அல்லது அதற்கு மேல் வந்தது. யாருக்கும் அந்த எண்ணைக் காட்டி ‘உங்களுக்குக் கோளாறு’ என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. அடுத்து ஆள் வைத்துப் பேசிப் பார்த்துத்தான் 444 பேரை ஆய்வுக்கு எடுத்தார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு வைத்தியம் செய்தவர்கள் பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரி ஊழியர்கள், செவிலியர்களும் அதில் உண்டு. பயம் குறைந்தது. 2014இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த செய்தி இது. கவனியுங்கள், அங்கே வந்தவர்களில் நிஜமான இதய நோய் உள்ளவர்களும் இருந்தார்கள். நோயும் இருக்கலாம், நோய் பயமும் இருக்கலாம். தாளில் எண் கூடினால் உடம்பில் ஒன்றுமில்லை என்று எந்தத் தாளும் சொல்வதில்லை.

முகாம்களில் சுகர் பார்த்த பழக்கத்தில் ஒரு கணக்கும் சொல்கிறேன். ஒரு பேச்சுக்கு, நூறு பேரில் ஐந்து பேருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் அந்த ஐந்தில் நாலு பேரைச் சரியாகப் பிடிக்கிறது, இல்லாத 95 பேரில் ஐந்தில் ஒருவரைத் தவறாகப் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தாள் கைகாட்டுவது 23 பேரை. அவர்களில் 19 பேருக்குக் கோளாறே இல்லை. சல்லடை என்றால் அப்படித்தான். சலித்த பிறகு கையால் பார்த்துப் பொறுக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் கொழுந்தனாரும் உங்கள் கேள்விகளை நிரப்பினார். மூன்று. “அண்ணி, எனக்குப் பயமே இல்ல” என்றார். அவர் அண்ணன் போனதிலிருந்து ஒரு டாக்டரைப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரித் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போவார். டிவியில் புற்றுநோய் என்று சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். நோய் பயத்தில் ஓயாமல் டாக்டரிடம் ஓடுகிறவர்களும் உண்டு, டாக்டர் பக்கமே போகாதவர்களும் உண்டு என்று 2013இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடே இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறது. ஓடுகிறவர்களை நாம் கேலி செய்கிறோம், ஒதுங்குகிறவர்களைத் தைரியசாலி என்கிறோம். கொழுந்தனாரை சுகர் பார்க்க வைக்க நான் இரண்டு வருஷமாக மன்றாடுகிறேன். உங்கள் ‘மூன்று’ என் வேலையை இன்னும் கஷ்டமாக்கிவிட்டது.

கேலி செய்யாதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. சுவீடனில் இந்த நோய் கண்டறியப்பட்ட 4,129 பேரின் பதிவேடுகளை மற்றவர்களோடு ஒப்பிட்டு 2023 டிசம்பரில் ஓர் ஆய்வு வந்தது. அவர்களிடையே இறப்பு விகிதம் 84 சதவீதம் அதிகம். தற்கொலை ஆபத்து ஏறத்தாழ நாலு மடங்கு. சும்மா சும்மா பயப்படுகிறான் என்று நாம் ஒதுக்குகிற ஆள்தான் அவர். அந்த மனிதருக்கு மஞ்சள் கட்டத்தில் ஒரு பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, எங்கே போவது என்று சொல்லாமல் விட்டால் எப்படி? டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. 14416. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அந்த ஐந்து இலக்கத்துக்கு உங்கள் நடுப்பக்கத்தில் இடம் இல்லாமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே ஐயா, வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஒன்பதாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றால்தான் மதிப்பெண் என்று சொல்லுங்கள். மூன்றாவது கேள்வியில் அந்தச் சொல்லை மாற்றுங்கள். எண் எதுவாக இருந்தாலும் உடம்பில் தொந்தரவு இருந்தால் முதலில் உடம்பைக் காட்டுங்கள், டாக்டர் பார்த்த பிறகும் பயம் ஓயவில்லை என்றால் மனநலப் பிரிவுக்குப் போங்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். 14416ஐ மஞ்சள் கட்டத்துக்குள் போடுங்கள்.

இந்தக் கடிதத்தை நேற்று சாயந்திரம் ஆஸ்பத்திரி வார்டில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. மூல வியாதி என்ற இடம் வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். எடுத்துவிடவா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இருக்கட்டும், என்னய மாதிரி இன்னொருத்தி மறைச்சு வெச்சிருப்பா. பேர் மட்டும் வேணாம்” என்றார். என் பெயரைப் போட்டால் எங்கள் ஊரில் அவர் யாரென்று தெரிந்துவிடும், ஆகவே என் பெயரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
பட்டுக்கோட்டை வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.